ஜெபராணி திறந்து வைத்திருக்கிறார்

14 அக்டோபர், திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன டைரி இது. ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலும் மூலத்துக்கான மாத்திரை விளம்பரம். ஜனவரியில் வந்தது, பத்து மாதம் சும்மா கிடந்தது. இன்று டாக்டர் கோமதிநாயகம் கூப்பிட்டு, "ஆவுடையப்பன், எந்த ரிப்போர்ட்டைத் தொட்டாலும் திறக்க நேரமாகுது. என்ன கோளாறு, நீங்க என்ன செஞ்சீங்க, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்க. முடிஞ்சதும் எனக்குக் காட்டணும்" என்றார். அதனால் எழுதுகிறேன். வீட்டு விஷயம் இடையில் வந்தால் காட்டும்போது அடித்துவிடலாம்.

பாளையங்கோட்டையில் எங்கள் ஸ்கேன் சென்டர். பதினாலு கம்ப்யூட்டர், ஒரு சர்வர், இவற்றுக்கு நான் ஒருவன். டாக்டர் ஸ்கேன் பார்த்துக்கொண்டே சொல்வார். ஜெபராணி ரிப்போர்ட் டைப் அடிப்பாள். வயிறு, கர்ப்பம், கழுத்து, கிட்னி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி ஃபைல் சர்வரில் உண்டு. அதைத் திறந்து பேரையும் அளவையும் மாற்றி, வேறு பேரில் சேமிக்க வேண்டியது. வரவேற்பில் ரெஹானா அதைத் திறந்து பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாள். இதுதான் வேலை. இதில் ஒவ்வொரு தடவையும் திறக்க நாற்பது விநாடி ஆகிறது. நானே கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.

கோளாறு பார்க்கிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கடைசியாக என்ன மாறியது என்பது. ஒன்றும் மாறவில்லை. ஜூனில் புது சர்வர் போட்டேன். மதுரைக் கம்பெனிக்காரர்கள் பத்து நாள் கேட்ட வேலையை ஒரே சனி ஞாயிறில் முடித்தேன். டாக்டர் எல்லார் முன்னாலும் கை கொடுத்தார். நாலு மாதம் ஒரு குறை கிடையாது. வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. எல்லாவற்றையும் அணைத்துத் துடைத்து சந்தனம் குங்குமம் வைத்தோம். சனிக்கிழமை விடுமுறை. இன்று காலை எல்லாவற்றையும் போட்டாயிற்று. மூலையில் சும்மா ஓடிக்கொண்டிருந்த பழைய சர்வரை மட்டும் போடவில்லை. அதில் இருந்ததெல்லாம் ஜூனிலேயே புதுசுக்கு வந்துவிட்டதே. பொட்டு வைத்த கையோடு பரணில் ஏற்றிவிட்டேன்.

"அண்ணாச்சி, அந்தப் பழைய பெட்டியத் திரும்பப் போடலையா?" என்று ஜெபராணி கேட்டாள்.

"அது என்னத்துக்கு, கரண்டுக்குக் கேடு" என்றேன்.

மழை வேறு பிடித்துக்கொண்டது. ஈரத்தில் கேபிள் ஏதாவது இற்றுப்போயிருக்கும். நாளை பார்க்க வேண்டும்.

15 அக்டோபர், செவ்வாய்

எலி கடித்த கேபிள் ஒன்று அகப்பட்டது. புதுசு மாற்றினேன். அதே நாற்பது விநாடி.

வீட்டில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. அடி வால்வு போயிருக்கும் என்று என் மனைவி செண்பகம் சொல்கிறாள். அவளுக்கு எல்லாமே அடி வால்வுதான்.

17 அக்டோபர், வியாழன்

வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தேன். பழைய ரிப்போர்ட்டுகளை வேறு இடத்துக்கு ஒதுக்கினேன். சர்வரை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். பிரயோஜனம் இல்லை. வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்கேனுக்காக ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டிருக்கிறவர்கள் ஒரு பக்கம், ஸ்கேன் முடிந்து ரிப்போர்ட்டுக்கு நிற்கிறவர்கள் ஒரு பக்கம். ரெஹானாவிடம் ஒரு ஆள் கையை ஓங்கிவிட்டார்.

ஜெபராணியின் மெஷினைப் போய்ப் பார்த்தேன். எட்டு மாதிரி ஃபைலையும் ஒன்றாகத் திறந்து வைத்திருக்கிறாள்.

"இது என்னம்மா, கடை விரிச்சி வச்சிருக்க?"

"காலைல வந்ததும் எட்டையும் தெறந்து வச்சிருதேன் அண்ணாச்சி. இல்லன்னா ஒவ்வொரு ஆளுக்கும் நாப்பது செகண்டு நிக்கணும்லா. பாவம், வெளிய அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

மேனேஜர் பேச்சிமுத்து வாசலில் மடக்கி, "கண்டுபிடிச்சீராவே?" என்று கேட்டார். எதையாவது சொல்ல வேண்டுமே. ஜெபராணி ஒரே நேரத்தில் எட்டு ஃபைல் திறந்து வைத்திருக்கிறாள், அதுவும் ஒரு பாரம்தான் என்றேன். ஒரு பாரம் என்றுதான் சொன்னேன்.

18 அக்டோபர், வெள்ளி

எட்டையும் மூடச் சொல்லி மேனேஜர் உத்தரவு. மூடினாள். அதே நாற்பது விநாடி. இப்போது அவள் ரிப்போர்ட்டும் சேர்ந்து தாமதம். ஒரு மணி நேரத்துக்குப் பதினெட்டு அடிக்கிறவள் இன்று ஒன்பது.

21 அக்டோபர், திங்கள்

இன்று ஒரு உருப்படியான சோதனை. சர்வரில் இருந்து ஒரு ரிப்போர்ட்டை என் மெஷினுக்குள்ளேயே நகல் எடுத்து வைத்துத் திறந்தேன். சர்வருக்கும் அதற்கும் இனி சம்பந்தம் கிடையாது. ஆனாலும் நாற்பது விநாடி. பிறகு வெறும் வெள்ளைத் தாளாக ஒரு புது ஃபைல் செய்து சர்வரில் போட்டுத் திறந்தேன். தொட்டதும் திறந்தது.

ஆக, சர்வர் மேல் குற்றமில்லை. அதாவது நான் போட்ட சர்வர் மேல் குற்றமில்லை. கோளாறு ஃபைலுக்குள்ளே இருக்கிறது. எனக்கு மனசில் இருந்து ஒரு கல் இறங்கிய மாதிரி இருந்தது. உடனே போய் மேனேஜரிடம் சொன்னேன்.

"ஃபைல எல்லாம் அடிச்சது யாரு?" என்றார் அவர்.

"ஜெபராணிதான், பதினோரு வருஷமா."

"அப்ப என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

23 அக்டோபர், புதன்

மோசமான நாள். குடல்வால் வெடிக்கிற நிலையில் ஒரு பையனை அனுப்பியிருந்தார்கள். ஆபரேஷன் தியேட்டரில் இருந்து ரிப்போர்ட் கேட்டு மூன்று போன். ஜெபராணி அடித்துச் சேமித்துவிட்டாள். டாக்டர் சரிபார்க்கத் தன் அறையில் திறந்தால், திறக்கவில்லை. இந்த ஃபைலை ஜெபராணி திறந்து வைத்திருக்கிறார் என்று திரையில் செய்தி. ரெஹானா வரவேற்பில் திறந்தால் அங்கேயும் அதே செய்தி. டாக்டர் தானே எழுந்து வந்தார். அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

"ஜெபராணி, அதை மூடு!"

"மூடிட்டேன் டாக்டர். பாருங்க, என் கம்ப்யூட்டர்ல எதுவுமே தெறந்திருக்கல."

"உன் பேருதான வருது?"

அவள் எழுந்து நின்று, திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒன்றும் திறந்திருக்கவில்லைதான். டாக்டர் கையாலேயே ரிப்போர்ட் எழுதிக் கொடுத்து அனுப்பினார். பையன் பிழைத்துக்கொண்டானாம். மேனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "கம்ப்யூட்டரே பேரைச் சொல்லுதே, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்வே?" என்றார்.

எனக்கும் புரியவில்லை. அந்தச் செய்தி அதுவரை வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் வரும். ஃபைல் நாற்பது விநாடி திறந்துகொண்டே இருந்தால், அந்த நேரத்தில் வேறு யார் தொட்டாலும் பூட்டு என்றுதான் சொல்லும். அது சரி. ஆனால் ஏன் அவள் பேர்?

25 அக்டோபர், வெள்ளி

இன்று மட்டும் பதினொரு தடவை அவள் பேர் வந்ததாக ரெஹானா ஒரு துண்டுச் சீட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். மேனேஜர் போடச் சொன்னாராம்.

அடி வால்வு மாற்றினோம். தண்ணீர் ஏறுகிறது. செண்பகம் சிரித்தாள்.

28 அக்டோபர், திங்கள்

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஜெபராணி என் மேசைக்கு வந்தாள். தூக்குவாளியைத் திறக்காமலேயே கையில் வைத்திருந்தாள்.

"அண்ணாச்சி, என் மெஷினைக் கழட்டி ஒரு தடவை பாருங்களேன். எனக்குத் தெரியாம எதையாவது அமுக்கி வச்சிருக்கேனோ என்னமோ. மேனேஜர் எல்லார் முன்னாலயும் பேசுதாரு."

அவள் புருஷனுக்குச் சர்க்கரையில் பார்வை போய் மூன்று வருஷம். மகள் பிளஸ் டூ. அந்த வீடு இவள் விரலில்தான் நிற்கிறது. அது எனக்குத் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். நாளை பார்க்கிறேன் என்றேன். தீபாவளி முடியட்டும் என்றும் சொன்னேன்.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. மழை. வெடி எல்லாம் நமுத்துப் போயிற்று.

2 நவம்பர், சனி

இன்று கல்லறைத் திருநாள். மாமனார் மாமியார் கல்லறைக்குப் பூப்போட வேண்டும் என்று ஜெபராணி லீவு. அவள் மெஷினைப் போடவே இல்லை. மின் கம்பி சுவரில் இருந்து கழற்றிக் கிடக்கிறது. பத்தரை மணிக்கு ரெஹானா கத்தினாள்.

"அண்ணாச்சி, இங்க வாங்களேன்! அக்கா அங்க மெழுகுவத்தி ஏத்திக்கிட்டிருப்பாங்க, இங்க ஃபைலத் தெறந்து வச்சிருக்காங்க!"

போய்ப் பார்த்தேன். ஜெபராணி திறந்து வைத்திருக்கிறார். அந்த ஃபைலைத் திறந்திருந்தது எக்ஸ்ரே அறைக் கம்ப்யூட்டர். நான் அங்கே போய் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். பயனர் பேர் என்கிற கட்டத்தில் ஜெபராணி. பக்கத்து மெஷினில் ஜெபராணி. என் மெஷினிலும் ஜெபராணி. டாக்டர் மெஷினிலும் அவள் பேர்தான் இருக்கிறது.

அதே பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது. பார்த்தேன். மூடிவிட்டேன்.

மேனேஜர் அதற்குள் முடிவுக்கு வந்துவிட்டார். "பாத்தீரா? லீவு போடுததுக்கு முந்தியே பூட்டி வச்சிட்டுப் போயிருக்கா. எட்டு ஃபைலை மூடச் சொன்னோம்லா, அந்தக் கோவம்." அப்படிப் பூட்டிவிட்டுப் போக முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையில் போன், டாக்டரிடம் பேசிக்கொண்டே நடந்தார். நாளை ஞாயிறு. திங்கள்கிழமை காலையில் சொல்லிவிடலாம்.

3 நவம்பர், ஞாயிறு

செண்பகம் கோயிலுக்குப் போயிருக்கிறாள். ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

ஜூனில் ஒரே சனி ஞாயிறில் பதினாலு மெஷினை எப்படி முடித்தேன்? ஒவ்வொன்றாகச் செய்யவில்லை. ஒரு மெஷினை எடுத்து, அதன் டிஸ்க்கை அப்படியே மற்ற பதின்மூன்றுக்கும் நகல் அடித்தேன். எதை எடுப்பது என்று யோசித்து, உள்ளதிலேயே சுத்தமாக இருந்ததை எடுத்தேன். தேவையில்லாத ஒரு விளையாட்டு கிடையாது, ஒரு குப்பை கிடையாது, ஃபைல் எல்லாம் பேர் போட்டு அடுக்கியிருந்தது. அது ஜெபராணியின் மெஷின். அன்று அவளிடம், "உன் மெஷின்தான்ம்மா எல்லாத்துக்கும் தாய்" என்று சொன்னேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நகல் அடித்த பிறகு ஒவ்வொன்றிலும் பேரை மாற்ற வேண்டும். மெஷினுக்கு ஐந்து நிமிஷ வேலை. ஞாயிறு சாயந்திரம் ஆகிவிட்டது. மாற்றவில்லை.

நேற்று பார்த்து மூடிய அந்த இன்னொரு வரி, தலைப்புத் தாளின் முகவரி. எங்கள் ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்புத் தாள், டாக்டர் பேரும் முகவரியும் உள்ளது. அது இருந்தது பழைய சர்வரில். அந்தப் பெட்டிக்கு நான் வைத்த பேர் பொருநை. பழைய ரிப்போர்ட், மாதிரி ஃபைல், அதில் இருந்து பிறந்த புது ரிப்போர்ட் எல்லாவற்றுக்குள்ளும் தலைப்புத் தாளின் முகவரி பொருநை என்றே இருக்கிறது. ஃபைல்களைப் புதுசுக்கு மாற்றினேன். உள்ளே இருந்த முகவரியை மாற்றவில்லை. அதனால் எந்த ஃபைலைத் திறந்தாலும் அது முதலில் பொருநையைக் கூப்பிடுகிறது. மூலையில் அது ஓடிக்கொண்டிருந்த வரை உடனே பதில் சொல்லியிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. ஆயுத பூஜையன்று அணைத்தேன். இப்போது கூப்பிட்டுவிட்டு நாற்பது விநாடி காத்திருந்து, பதில் வராது என்று தெரிந்த பிறகுதான் திறக்கிறது.

பழைய பெட்டியைத் திரும்பப் போடலையா என்று அவள் முதல் நாளே கேட்டாள். இந்த டைரியில்தான் எழுதியிருக்கிறேன்.

நாளை காலை டாக்டரிடம் சொல்லிவிடுவேன்.

4 நவம்பர், திங்கள்

ஒன்பது மணிக்கே டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போனபோது ஜெபராணி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். மேனேஜர் ரெஹானாவின் கோடு போட்ட சீட்டை மேசையில் விரித்து வைத்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

"சனிக்கிழமை நீ லீவு. அன்னைக்கும் உன் பேர்லதான் ஃபைல் பூட்டிக் கெடந்திருக்கு. எப்படி?" என்றார் டாக்டர்.

"எனக்குத் தெரியல டாக்டர். சத்தியமாத் தெரியல."

"ஆவுடையப்பன், நீங்க சொல்லுங்க. சர்வர்ல ஏதாவது கோளாறு உண்டா? இருந்தா மதுரைக்காரங்களையே கூப்பிட்டு எல்லாத்தையும் ஒப்படைச்சிருதேன், உங்களுக்கும் சிரமம் வேண்டாம்."

"சர்வர் நல்லா இருக்கு டாக்டர்" என்றேன்.

இது பொய் இல்லை. சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. டாக்டர் கேட்டது சர்வரைப் பற்றி, நான் சொன்னதும் சர்வரைப் பற்றி. ஜெபராணி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும் டாக்டர்" என்றாள். "நான்தான் என்னமோ செஞ்சிருக்கேன் போல. என்னன்னு சொன்னாத் திருத்திக்கிடுதேன்."

அவளை இந்த வாரத்தோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். அவள் இன்றே போய்விட்டாள். சாமான் அதிகம் இல்லை. ஒரு பைபிள் வசனக் காலண்டர், முதுகுக்கு வைக்கிற தலையணை, எவர்சில்வர் தம்ளர். போகும்போது தன் மெஷினை முறையாக அணைத்து, மேலே துணி போட்டு மூடிவிட்டுப் போனாள்.

வெட்கமாக இருக்கிறது. நான் நல்லவன் இல்லையோ என்று நாற்பத்தெட்டு வயசில் முதல் தடவையாகத் தோன்றுகிறது. நாளை டாக்டர் தனியாக இருக்கும் நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாளில் ஒன்றும் கெட்டுவிடாது.

5 நவம்பர், செவ்வாய்

டாக்டர் தனியாக இல்லை.

6 நவம்பர், புதன்

சூரசம்ஹாரம் இன்றோ நாளையோ என்று செண்பகம் விரதம். திருச்செந்தூர் போக வேண்டும் என்கிறாள். வேலை இருக்கிறது என்றேன்.

"ஜெபராணிய நிறுத்திட்டாங்களாமே? மார்க்கெட்ல அவ மகளப் பாத்தேன்" என்றாள்.

"ம்."

"நீங்க இருந்துமா?"

8 நவம்பர், வெள்ளி

ரெஹானா ரிப்போர்ட் அடிக்கிறாள். இரண்டு விரலால் அடிக்கிறாள். கூட்டம் வாசல் வரை நிற்கிறது. ஜெபராணி பேர் இன்னும் திரையில் வருகிறது. கணக்கை இன்னும் அழிக்கவில்லை, அதான் என்று மேனேஜர் தானே ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டார். நான் தலையாட்டினேன்.

அவள் போயும் வேகம் வரவில்லையே என்று டாக்டருக்கு எரிச்சல். திங்கள்கிழமை மதுரைக் கம்பெனியில் இருந்து ஆள் வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். வருகிறவன் விவரமான பையன் என்றால் அரை மணி நேரத்தில் பொருநையைப் பிடித்துவிடுவான்.

10 நவம்பர், ஞாயிறு

காலை ஏழு மணிக்கே சாவி வாங்கிக்கொண்டு சென்டருக்குப் போனேன். ஏணி வைத்துப் பரணில் ஏறிப் பழைய பெட்டியை இறக்கினேன். நெற்றியில் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, குங்குமம் அப்படியே இருந்தது. கம்பியைச் சொருகிப் போட்டேன். இரண்டு நிமிஷம் உறுமியது. என் மெஷினில் ஒரு கர்ப்ப ரிப்போர்ட்டைத் தொட்டேன். கையை எடுப்பதற்குள் திறந்துவிட்டது.

இன்னொன்று தொட்டேன். இன்னொன்று. முப்பது ஃபைல் வரை சும்மா திறந்து திறந்து மூடினேன். எல்லாம் அவள் அடித்தது. எழுத்துப் பிழை ஒன்று இல்லை.

பிறகு செய்ய வேண்டியதைச் செய்தேன். எல்லா ஃபைலுக்குள்ளும் முகவரியைப் புதுசுக்கு மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதி ஓடவிட்டேன். மூன்று மணி நேரம் ஓடியது. பதினாலு மெஷினிலும் பேரை மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிஷம்தான். ஜூனில் செய்யாமல் விட்டது மொத்தமே அறுபத்தைந்து நிமிஷ வேலை. அவள் மெஷினில் மட்டும் பேரை மாற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதையும் மாற்றினேன்.

பொருநையை அணைத்துப் பரணில் ஏற்றியாயிற்று.

11 நவம்பர், திங்கள்

எல்லாம் தொட்டதும் திறக்கிறது. ரெஹானா கை தட்டினாள். மதுரைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜர் லட்டு வாங்கிவரச் சொன்னார்.

"அவ பேரை அழிச்சதும் எல்லாம் சரியாயிட்டு பாத்தீரா! நான் முதல்லயே சொன்னேம்லா?" என்று வாய் நிறைய லட்டோடு சொன்னார். டாக்டர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. சரி செய்தால் போதும் என்று நினைத்தேன். சரி செய்ததே அவளுக்கு எதிரான கடைசி சாட்சியாக ஆகிவிடும் என்று தோன்றவே இல்லை. லட்டைக் கைக்குட்டையில் மடித்து வைத்தேன். எறும்பு வந்துவிட்டது.

12 நவம்பர், செவ்வாய்

ஜெபராணி போன் செய்தாள். அனுபவச் சான்றிதழ் வேண்டுமாம். சமாதானபுரத்தில் ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடையில் கேட்டிருக்கிறாளாம்.

"ஸ்பீடு எப்படின்னு கேக்காங்க அண்ணாச்சி. வேகமா, பிழையில்லாம அடிப்பாங்கன்னு ஒரு வரி சேத்துருங்களேன். டாக்டர் கையெழுத்து போட்டுருவாங்கல்லா?"

போட்டுருவாங்க என்றேன்.

13 நவம்பர், புதன்

சான்றிதழை நானே அடித்தேன். அந்த வரியையும் சேர்த்தேன். டாக்டர் கண்ணாடியை இறக்கிப் படித்தார். பேனாவை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் அடித்தார்.

"இரக்கம் வேணும்தான் ஆவுடையப்பன். அதுக்காக நாம பொய் எழுதக் கூடாது. இன்னொருத்தன் இதை நம்பித்தான வேலை கொடுப்பான்."

அவர் கெட்டவர் இல்லை. உண்மை என்று நினைத்ததைச் சொன்னார். அறையில் அவரும் நானும் மட்டும்தான் இருந்தோம். பத்து நாளாக நான் தேடிக்கொண்டிருந்த தனிமை அதுதான். குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கூடக் கேட்டது. சரி டாக்டர் என்று சொல்லிவிட்டு, வரியை எடுத்துவிட்டு மறுபடி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

14 நவம்பர், வியாழன்

வந்தாள். வரவேற்பில் நோயாளிகளோடு வரிசையில் நின்றாள். உள்ளே வா என்று ரெஹானா கூப்பிட்டும் வரவில்லை. சான்றிதழை வாங்கி, முதலில் வேகமாக ஒரு தடவை, பிறகு மெதுவாக ஒரு தடவை படித்தாள். அந்த வரி எங்கே என்று கேட்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் ரிப்போர்ட் கேட்டார். ரெஹானா தொட்டாள், திறந்தது, பிரிண்ட் வந்தது. ஜெபராணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இப்ப டக்குன்னு தெறக்குதே."

"ஆமாக்கா, திங்கக்கிழமைல இருந்து" என்று ரெஹானா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

ஜெபராணி என் பக்கம் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அப்ப நான்தானா அண்ணாச்சி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"இல்ல, கோவமில்ல எனக்கு. நான் என்ன செஞ்சேன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா, போற எடத்துலயாவது அதைச் செய்யாம இருப்பேன்லா. அதுக்குத்தான் கேக்கேன்."

அவள் கண்ணாடிக்குப் பின்னால் கண் சிவந்திருந்தது. அழுதிருப்பாள், இங்கே வருவதற்கு முன்னாலேயே. சொல்ல எல்லாம் இருந்தது. பொருநை, சந்தனம், ஐந்து நிமிஷம், எல்லாமே. மேனேஜர் எக்ஸ்ரே அறை வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெறைய ஃபைலை ஒண்ணாத் தெறந்து வைக்காதம்மா" என்றேன்.

"சரி அண்ணாச்சி" என்றாள். "அக்காவக் கேட்டேன்னு சொல்லுங்க. கிறிஸ்மஸுக்கு கேக் கொண்டாரேன்."

மழையில் குடை இல்லாமல் போனாள். என் குடை என் நாற்காலியில்தான் மாட்டியிருந்தது.

15 நவம்பர், வெள்ளி

டாக்டருக்கு டைரி ஞாபகம் வந்துவிட்டது. "என்ன கோளாறுன்னு தேதி வாரியா எழுதச் சொன்னேன்லா, திங்கக்கிழமை கொண்டாங்க. புதுசா வாற டைப்பிஸ்ட்டுக்குப் படிச்சுக் காட்டணும்" என்றார்.

இதை அப்படியே மேசையில் வைத்துவிடலாம். வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. நாளை என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். எண்ணவில்லை.

17 நவம்பர், ஞாயிறு

அலமாரியில் இன்னொரு கம்பெனி டைரி இருந்தது. மூட்டு வலித் தைலம். ஒரு எழுத்துக்கூட எழுதாதது. காலையில் உட்கார்ந்து அக்டோபர் பதினாலில் இருந்து எழுத ஆரம்பித்தேன். எலி கடித்த கேபிள், வைரஸ் தடுப்பு, அணைத்துப் போட்டது எல்லாம் அப்படியே. நடந்த விஷயங்கள்தானே. ஆயுத பூஜை பற்றி எழுதவில்லை. பத்தாம் தேதிக்கு, பயனர் பேர் நீக்கப்பட்டது, வேகம் சரியானது என்று எழுதினேன். அதுவும் நடந்ததுதான்.

காரணம் என்று ஒரு வரி வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

"காலைல இருந்து என்ன எழுதுதீங்க?" என்றாள் செண்பகம்.

"ஆபீஸ் வேலை."

"டைப் அடிச்சுக் குடுக்க ஜெபராணி இருந்தா உங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து அந்த இடத்தில் எழுதினேன். ஒரே நேரத்தில் பல ஃபைல்களைத் திறந்து வைத்தது. யார் என்று எழுதவில்லை.

18 நவம்பர், திங்கள்

தைலக் கம்பெனி டைரியை டாக்டர் மேசையில் வைத்தேன். நாலு பக்கம் புரட்டிப் பார்த்தார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கே ஆவுடையப்பன்" என்றார்.